அப்பாவின் கல்வெட்டும் ஜனாதிபதியின் மூத்த மகனும்

அன்று விம்பிள்டனில், அண்ணை வீட்டு முன் அறையில் இருந்தவர்கள் இவர்கள். அண்ணை. அண்ணையின் மனைவி, எனக்கு மச்சாள். என் மனைவி. சரித்திர மாஸ்டர். நான். சுவரோரம் மேசையில் அப்பாவின் படம். படத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. அப்பா ஊரில் செத்து ஒன்பது நாள். எங்களுக்குத் தெரிந்து ஐந்து நாள். கொழும்பிலிருந்து ஒருவர் போன் எடுத்துச் சொன்னார். போக ஏலாது, சண்டையால் பாதை பூட்டு. கொள்ளியை அக்காவின் மகன் வைத்தானாம். முப்பத்தோராம் நாள் சடங்கையாவது லண்டனில் ஒழுங்காகச் செய்வோம் என்றார் அண்ணை. எங்கள் வீட்டில் எதையும் தீர்மானிக்கிறவர் அவர்தான்.

முப்பத்தொன்று என்றால் கல்வெட்டு வேண்டும். பெயர்தான் கல்வெட்டு. சின்னப் புத்தகம். முதல் பக்கத்தில் செத்தவரின் படம். பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பிள்ளைகள் புலம்புகிற பாட்டு. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் ஒவ்வொன்று கொடுத்து அனுப்புவோம். பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் ஈஸ்ட் ஹாமிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களிடம் கொடுத்தால் செத்தவர் எவரும் வள்ளலாகிவிடுவார்.

அண்ணைக்கு அது போதாது. அவர் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

மாஸ்டர் அண்ணையோடு ஒரே வகுப்பில் படித்தவர். லூயிஷாமில் இருந்தார். ஒரு கல்லூரியில் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஒரு அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் இங்கிலீசில் மூன்று புத்தகம் எழுதியிருந்தார். அந்த ஜனாதிபதி செத்து நூறு வருடத்துக்கு மேல். ஆனால் மாஸ்டர் அவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிக் கதைப்பார். ஜனாதிபதியின் மனுசிக்கு எந்தப் பல் வலித்தது, எந்த மகளுக்கு எந்த மாப்பிள்ளை பிடிக்கவில்லை, எல்லாம் தெரியும். மூன்று புத்தகத்தையும் அண்ணை கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தார். வாசித்தாரோ தெரியாது.

ஜனாதிபதியை எழுதின கை எழுதினால், ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த அப்பாவும் அந்த வரிசையில் போய் நிற்பார். எங்கள் ஆட்களின் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

"மச்சான், சங்கக்கடை மனேச்சரை நான் எப்பிடியடா எழுதிறது?" என்றார் மாஸ்டர்.

"ஜனாதிபதியை எழுதின மாதிரி எழுது."

"அந்தாள் பெட்டி பெட்டியாக் கடிதம் விட்டிட்டுப் போனது. உன்ரை கொப்பர் என்னத்தை விட்டவர்?"

இந்தக் கேள்விக்குத்தான் அண்ணை காத்திருந்தார் போல. எழும்பிப் போய் ஒரு பழைய சூட்கேசைக் கொண்டுவந்தார். திறந்தார். நீலக் கடிதங்கள். வருடம் வருடமாக நூலால் கட்டியிருந்தது. அவர் எழுபதில் இங்கே வந்தது முதல் அப்பா எழுதிய எல்லாம். ஒன்றையும் எறியவில்லை.

மச்சாள் பெருமையாகப் பார்த்தா. என் மனைவி என்னைப் பார்த்தா.

"தம்பி, நீர் என்ன கொண்டந்தனீர்?" என்று மாஸ்டர் என்னைக் கேட்டார்.

"ஒண்டும் இல்லை."

"அப்பா உமக்கு எழுதேல்லையோ?"

"நான் வீட்டிலயெல்லோ இருந்தனான்."

மாஸ்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அதுதானே! ஒரு வீட்டுக்குள்ள இருக்கிறவை ஆளுக்காள் கடிதம் எழுதிறதில்லை. என்ரை ஜனாதிபதிக்கும் ரெண்டு பெடியள். மூத்தவன் தூர இடத்தில இருந்தவன். ரெண்டாம் புத்தகத்தில பாதி அவன்தான். இளையவன் தேப்பன் சாகுமட்டும் தேப்பனோட இருந்தவன்."

"அவனைப் பற்றி எவ்வளவு எழுதினீங்கள்?"

"அரைப் பக்கம்."

"அரைப் பக்கத்தில என்ன கிடக்கு?"

"எப்ப பிறந்தவன், எப்ப செத்தவன். வேறை ஆதாரம் இல்லைத் தம்பி. எழுத்தில இல்லாததை நான் எழுதிறேல்லை."

"ஐயோ பாவம்" என்று மச்சாள் தேத்தண்ணீர் ஊற்றினா.

எனக்குப் பாவமாக இருக்கவில்லை. பற்றி எரிந்தது. நான் காணாத நாட்டில் காணாத காலத்தில் இருந்த ஒரு மூத்த மகன் மேல் எரிந்தது. அவனுக்கும் பாதிப் புத்தகம்.

மாஸ்டர் கட்டுகளை அவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"எழுபத்தாறுக்குப் பிறகு கையெழுத்து மாறுது."

"அது இவன்ரை" என்றார் அண்ணை. "அப்பாவுக்கு ரெண்டு கண்ணிலயும் படலம். ஒப்பரேசனுக்கு ஆள் சம்மதிக்கேல்லை. அவர் சொல்லச் சொல்ல இவன் எழுதிறவன். பாரன், எழுத்தை. கோழி கிளறின மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் எனக்கு ஏறவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். தோட்டத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. அண்ணை படித்தார். அவர் பட்டம் வாங்கின உடுப்போடு நின்ற படம் எங்கள் வீட்டு முன் சுவரில் தொங்கியது. வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். பிறகு திரும்ப அதைப் பார்ப்பார்கள்.

அண்ணையின் கடிதம் வந்தால் நான்தான் வாசிக்க வேண்டும். அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் "இன்னொருக்கா" என்பார். சில கடிதம் மூன்று முறை. நான் அவருக்குக் குளிக்க வார்த்தேன். சவரம் செய்தேன். மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். அதற்கெல்லாம் அவர் முகம் மாறியதில்லை. லண்டனில் பனி கொட்டுகிறது என்று அண்ணை எழுதினால் அதற்கு மாறும். பனி. அதில் என்ன இருக்கிறது?

ஞாயிறு காலையில் பதில் எழுதுவோம். அன்புள்ள மகனுக்கு, நலம், நலமறிய ஆவல். அதெல்லாம் அவர் சொல்லாமலே நான் எழுதிவிடுவேன். பிறகு அவர் சொல்வார். மழை, வெங்காயம், யார் செத்தது, யாருக்குக் கலியாணம். எழுதுவேன். நடுவில் சில நாள் நிறுத்துவார். கையால் கதிரைச் சட்டத்தைத் தடவுவார். கண் போன பிறகுதான் அவருக்கு இந்தப் பேச்சு வந்தது.

"அவனைப் பாக்க ஆசையாக் கிடக்கு எண்டு எழுது."

நான் பேனையை அசைப்பேன். எழுத மாட்டேன். "இங்கு யாவரும் சுகம்" என்று எழுதுவேன்.

"எழுதிட்டியே? வாசி."

வாசிப்பேன். கடிதத்தில் இல்லாத அந்த வரியையும் சேர்த்து வாசிப்பேன். அவர் தலையாட்டுவார். பிறகு அவர் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் வைப்பேன். போடுவார்.

முதல் முறை ஏன் செய்தேன் என்று யோசித்திருக்கிறேன். அன்று காலை தோட்டத்தில் காலில் மண்வெட்டி பட்டு இரத்தம். அப்பா "என்ன சத்தம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சரி என்றுவிட்டுக் கடிதம் எழுதக் கூப்பிட்டார். அது ஒரு காரணம். அடுத்த முறைகளுக்குக் காரணம் தேவைப்படவில்லை. பழகிவிட்டது.

எண்பத்தைந்தில் நானும் இங்கே வந்துவிட்டேன். வர வேண்டிய நிலைமை. அடுத்த வருடம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போனது. அதன் பிறகு கடிதத்தை அக்கா எழுதினா. அவவின் சொல்தான் அதில் இருந்தது. ஆகவே அப்பா எனக்கென்று சொல்லி எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. அண்ணைக்கு ஒரு சூட்கேஸ்.

மாஸ்டர் அந்தச் சூட்கேசை லூயிஷாமுக்குத் தூக்கிப் போனார். அடுத்த சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமுக்கு என் வீட்டுக்கு வந்தார். கீழே சாறிக் கடை, மேலே நாங்கள். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய அட்டைகள் கொண்டுவந்தார். அது அவர் வேலை செய்கிற முறை. கடிதத்தில் ஒருவரின் பேச்சு வந்தால் அவர் பெயரில் ஓர் அட்டை. ஜனாதிபதி வீட்டுச் சமையல்காரிக்கும் அட்டை போட்டவராம்.

"பாரும், இது அண்ணை." ஒரு கட்டு. ரப்பர் போட்டிருந்தார். "இது அக்கா. இது சங்கக்கடை. இது நீர்."

என்னுடையதற்கு ரப்பர் தேவைப்படவில்லை. நாலு அட்டை. எடுத்துப் பார்த்தேன். 'தம்பி சுகம்.' 'தம்பி தோட்டத்துக்குப் போய்விட்டான்.' 'தம்பிக்குக் காய்ச்சல், மாறிவிட்டது.' 'தம்பி எழுதுகிறான்.' நாலும் நான் என் கையால் என்னைப் பற்றி எழுதியது.

அண்ணையின் கட்டைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தேன். மாஸ்டர் கவனிக்கவில்லை. என் மனைவி கவனித்தா. குசினிக்குள் போனபோது பின்னால் வந்தா.

"இஞ்சாருங்கோ, ஒண்டும் பேசாமல் இருந்தா கல்வெட்டில உங்கடை பேர் வம்சாவளியில மட்டுந்தான் வரும். அவரைக் குளிப்பாட்டினது சொல்லுங்கோ. பத்து வருசம் ஆர் பாத்தது?"

"சொல்லி என்ன?"

"நான் சொல்லட்டே?"

"வேண்டாம்."

"உங்களுக்கு வாயில படலம்" என்றுவிட்டு வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

மாஸ்டர் வடையைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஒரு விசயம் எனக்கு ஆச்சரியமாக் கிடக்கு. எழுபத்தொன்பதில உங்கடை அண்ணை, லீவு கிடைக்குது, வரட்டோ எண்டு கேட்டிருக்கிறான் போல. கொப்பர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமே? 'உன் வசதியைப் பார்.' அவ்வளவுதான்."

எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை எழுதிய நாள் தெரியும். அப்பா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "கட்டாயம் வரச் சொல்லு. கண் தெரியாட்டியும் தடவிப் பாப்பன் எண்டு எழுது" என்றார். நான் எழுதியது மூன்று சொல்.

அண்ணை வரவில்லை. பிறகு நாடு கெட்டது. பிறகு வர ஏலாமல் போனது.

"என்ரை ஜனாதிபதியும் இதே ஆள்தான்" என்றார் மாஸ்டர். "மூத்தவன் கிறிஸ்மசுக்கு வரட்டோ எண்டு கேக்க, பாதை சரியில்லை எண்டு ஒரு வரி எழுதினவர். பிள்ளையளில ஈரமில்லாத மனுசன். புத்தகத்தில நான் அப்பிடித்தான் எழுதினன். அதைச் சரியெண்டு எல்லாரும் ஒத்துக்கொண்டிட்டினம்."

"அந்தக் கடிதங்களை அவரே எழுதினவரோ?"

"ஜனாதிபதிக்கு எழுத ஆளா இல்லை? கிளார்க்மார் எழுதியிருப்பாங்கள்."

 அவர் என் அட்டைகளைத் திரும்பப் பெட்டியில் போட்டார்.

அந்தக் கிழமை முழுக்க வேலையில் அதுதான் ஓடியது. நான் ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. இரண்டு பேர் எதிரெதிராக நின்று நாலு மூலையையும் பிடித்து மடிக்க வேண்டும். எதிரே நின்ற ஜமேக்காக்காரி "இன்றைக்கு நீ கோணலாய் மடிக்கிறாய்" என்றாள். ஓம், கோணல்தான். கல்வெட்டில் அப்பா ஈரமில்லாத மனுசன் என்று வரப்போகிறது. இருநூறு பேர் அதைக் கொண்டுபோய் வீட்டில் வைக்கப் போகிறார்கள். கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. கடிதம் என்னுடைய எழுத்து.

நான் சொன்னால் அப்பா சரியாவார். அண்ணைக்கு அந்த வரிகள் கிடைக்கும். அவ்வளவு காலமும் நான் கொடுக்காமல் வைத்திருந்தவை. இவ்வளவு இருக்கிற மனுசனுக்கு அதையுமா கொடுப்பது என்றும் இருந்தது. அப்படித்தான் நினைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு திரும்பவும் விம்பிள்டன். அதே அறை. மறுநாள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மாஸ்டர் எழுதியதை நின்றுகொண்டு வாசித்தார். வகுப்பில் படிப்பித்த பழக்கம்.

பிறப்பு, படிப்பு, சங்கக்கடை. அப்பா ஒரு முறை அரிசி மூட்டை விசயத்தில் மேலதிகாரியோடு சண்டை பிடித்து இடம் மாற்றப்பட்டதையும் எழுதியிருந்தார்.

"அதை எடுத்துவிடு" என்றார் அண்ணை.

"ஏன்? ஆதாரம் இருக்கு."

"கல்வெட்டடா இது. கோட்டுக் கேசில்லை."

"ஜனாதிபதியை எழுதின மாதிரி எழுதெண்டு நீதானே சொன்னனீ. அவர் குடிச்சதையும் நான் எழுதினனான்."

"உவரைக் கூப்பிட்டிருக்கவே கூடாது" என்று மச்சாள் என் மனைவியின் காதில் சொன்னா. அறை முழுக்கக் கேட்டது. மாஸ்டர் தொடர்ந்து வாசித்தார்.

"அன்னார் கடமை தவறாதவர். எனினும் பிள்ளைகள் மீதான பாசத்தை வெளிப்படுத்தும் இயல்பற்றவர். தூர தேசத்தில் வாழ்ந்த மூத்த மகனுக்கு எழுதிய கடிதங்களிலும் அன்பு மொழி ஒன்றேனும் காணப்படவில்லை."

மச்சாள் "ஐயையோ, இதைப் போடேலாது" என்றா. எடுக்கச் சொல்லி அண்ணையும் கத்துவார் என்று பார்த்தேன். அவர் கத்தவில்லை. எழும்பி ஜன்னலுக்குப் போனார்.

"கிடக்கட்டும்" என்றார். "உண்மைதானே."

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வரட்டோ எண்டு கேட்டனான். வா எண்டு ஒரு சொல்லு எழுதியிருந்தால் வேலையை விட்டிட்டுப் போயிருப்பன். எழுதேல்லை. எனக்கு அவர் வெங்காய விலை எழுதினவர்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ குடுத்து வைச்சவனடா. பக்கத்தில இருந்தனீ. அவரின்ரை சாப்பாட்டுக் கோப்பையில சாப்பிட்டனீ. எத்தினை நாள் உன்னை நினைச்சு வயிறெரிஞ்சிருக்கிறன் தெரியுமே? இந்தக் கடிதத்தையெல்லாம் ஏன் கட்டி வைச்சிருக்கிறன் எண்டு நினைக்கிறாய்? எங்கையாவது ஒரு வரி கிடக்கும், நான்தான் கவனிக்கேல்லை எண்டு. திருப்பித் திருப்பி வாசிச்சனான்."

அண்ணைக்கு என் மேல் பொறாமை. அதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நம்பவும் முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மைதான்.

அதன் பிறகும் உடனே சொல்லவில்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மாஸ்டர், அந்த வரி பிழை."

"எந்த வரி?"

"அன்பு மொழி இல்லை எண்டது."

"ஆதாரம்?"

"அப்பா சொன்னவர். நான் எழுதேல்லை."

மாஸ்டருக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணைக்கு விளங்கிவிட்டது. ஜன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி "என்னப்பா சொல்லுறீங்கள்?" என்றா. நான் அவவைப் பார்க்கவில்லை.

"அவனைப் பாக்க ஆசையாக் கிடக்கு எண்டு எழுதச் சொன்னவர். எழுதாமல் விட்டிட்டன். வாசிச்சுக் காட்டேக்க எழுதின மாதிரி வாசிச்சனான். வரட்டோ எண்டு நீங்கள் கேட்டதுக்கு, கட்டாயம் வரச் சொல்லு, தடவிப் பாப்பன் எண்டவர். வசதியைப் பார் எண்டது என்ரை சொல்லு."

"ஏன்ரா?" என்றார் அண்ணை.

"எரிச்சல்."

மச்சாள் வாயில் கை வைத்தா. அண்ணை என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கியிருப்பேன். அவர் எனக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்து, முழங்கால் முட்ட இருந்தார். சின்ன வயதிலிருந்து அவர் என்னை அவ்வளவு கிட்ட வந்து பார்த்ததில்லை.

"தடவிப் பாப்பன் எண்டவரோ?"

"ஓம்."

"எழும்பியோ, இருந்துகொண்டோ?"

"எழும்பி."

அவர் கண்ணைத் துடைக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. மாஸ்டர் சத்தமில்லாமல் சப்பாத்துப் பெட்டியைத் திறந்து ஒரு வெற்று அட்டையை எடுத்தார். பேனையைத் திறந்தார். அண்ணையைப் பார்த்தார். அண்ணை கையால் பொறு என்று காட்டினார். கேள்வியை அவரே கேட்டார்.

"பாக்க ஆசை எண்டு சொன்னது. ஒருக்காலோ?"

"இல்லை."

"எத்தினை தரம்?"

நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் எண்ணியிருந்தேன்.

இருபத்துமூன்று.